ஊட்டம் நீக்கப்பட்டது

ஆவணி. அக்கராயனில் தண்ணீர் சுருங்கிச் சுருங்கி
நடுவில் ஒரு பாய் அளவில் கிடந்தது.
வெடித்த சேறு செருப்பில் ஒட்டவில்லை,
மாவாய்ப் பறந்தது. சோளகம் மூக்கை அடைத்தது.
ஒரு கரண்டி மண்ணைப் பையில் போட்டு
கஜீபன் திகதி எழுதினான்.
"இதுக்குள்ள என்னக்கா இருக்கப்போகுது?"

அறிவியல்நகர் ஆய்வுகூடத்தில்
எனக்குப் பட்டம் இல்லை. சாவி இருக்கிறது.
எண்பது பாகையில் பத்து நிமிடம் அவித்தோம்.
சாகிறதெல்லாம் செத்தது.
மிஞ்சினது ஏகார் மேல் படர்ந்தது
விளிம்பு பிய்ந்த அப்பம் போல.
ஒரு கிழமை நன்றாகத் தீனி போட்டு
பிறகு நிறுத்தினோம்.
கொப்பியில் அது ஒரே வரி:
"09.40. ஊட்டம் நீக்கப்பட்டது."
செயப்பாட்டு வினை.
யார் நீக்கியது என்று கேட்க வேண்டியதில்லை.

பட்டினி வந்ததும் பற்றீரியா அடங்குவதில்லை.
சவுக்குமுளை அடித்து ஓடும், தேடும்.
செத்துக் கரைந்தவற்றின் டிஎன்ஏயையும் இழுத்துத் தின்னும்.
அமினோவமிலம் வராத றைபோசோம்
வெறும் பானையில் அகப்பையாய்த் தட்டும்.
அந்தத் தட்டல்தான் செய்தி.
புரதம் கட்டுவது குறையும். பிரிவது நிற்கும்.

அடுத்தது எனக்குப் பிடிக்காத இடம்.
முந்திப் பயந்தவை நஞ்சு சுரக்கும்.
பக்கத்தில் கிடக்கும் அதே குலத்துக் கலங்கள் வெடிக்க
கசிந்ததைக் குடித்து
இன்னும் கொஞ்ச நேரம் முடிவைத் தள்ளிப்போடும்.
"சகோதரங்களையா?" கஜீபன் நிமிர்ந்தான்.
அவனுக்கு அப்போது ஐந்து வயது, யாழ்ப்பாணத்தில்.
எனக்குப் பன்னிரண்டு, மாத்தளன் கஞ்சி வரிசையில்.
அந்த வரிசை பற்றி ஒரு சங்கதிதான் சொல்வேன்:
எனக்கு முன்னால் நின்ற பெண்
தன் கஞ்சியில் பாதியை என் சட்டிக்குள் ஊற்றிவிட்டுத்
திரும்பிப் பாராமல் போனா.
பேர் தெரியாது. ஒற்றைச் செருப்பு.
இன்னொருவர் வேறு சங்கதி வைத்திருப்பார். அதுவும் உண்மை.
ஆகவே இதை உவமையாக்க மாட்டேன்.

வேறு வழியே இல்லாதபோது
கலம் தனக்குள் ஒரு சுவர் எழுப்பும்,
நடுவில் அல்ல, ஓரமாக.
சின்ன அறையைப் பெரிய அறை விழுங்கி
கோதுக்கு மேல் கோது கட்டி
கல்சியம் அடைத்து, ஈரத்தை வெளியேற்றும்.
பெரிய அறைக்குப் பாடப்புத்தகத்தில் பெயர் தாய்க்கலம்.
எட்டு மணித்தியாலம் ஆகும். பிறகு அது தானாகவே கிழியும்.
மலக்கைற் பச்சை ஊற்றி ஆவியில் பிடித்தேன்:
சிவப்புக் கோல்களுக்குள் பச்சைப் பொட்டுகள்.
கரண்ட் இரண்டு தரம் போய் வந்தது.
அவற்றுக்கு ஒன்றுமில்லை.

மார்கழி. வான் பாய்கிறது, மாணவர் பாதிப்பேர் வரவில்லை.
ஒரு துளி அலனின் விட்டோம்.
நுணுக்குக்காட்டியில் உறங்கும் வித்தி மினுங்கும்.
முழித்தால் தண்ணீர் குடித்துக் கறுக்கும்.
ஒன்று கறுத்தது. பிறகு நாலு. பிறகு எண்ண ஏலாமல்,
ஊர் விளக்குகளை அணைக்கிற மாதிரி.
இங்கே இருண்டால்தான் உயிர்.
கஜீபன் கைதட்டினான்.

அரைமணி போயும்
நூறில் பதினொன்று மினுங்கிக்கொண்டே இருந்தன.
இன்னும் அலனின். குளுக்கோசு. வெக்கை கூட்டிப் பார்த்தோம்.
"செத்திட்டுதோ?"
"செத்ததெண்டும் சொல்லேலாது."
"அப்ப சாப்பாடு வந்தது தெரியேல்லையோ?"
"நம்பேல்லை."
அறிக்கையில் அப்படி எழுத விடமாட்டார்கள்.
'அதியுறக்கம்' என்று எழுதினோம்.

பேனை தேடி என் பையைத் திறந்தவன்
நாலு மாரி பிஸ்கட் பக்கெட்டுகளைக் கண்டு சிரித்தான்.
ஒன்றில் போன வருடத்துத் திகதி.
"அக்கா, கன்ரீன் பக்கத்திலதானே."
ஓம், பக்கத்தில்தான்.

பின்னேரம் எல்லாக் குழாய்களும் ஓட்டோகிளேவுக்குள் போக வேணும்.
அடுக்கினேன். மூடி இறுக்குமுன்
ஒன்றை மட்டும் வெளியே எடுத்து
முப்பத்தேழு பாகைப் பெட்டிக்குள் திரும்ப வைத்தேன்.
நாடா ஒட்டி எழுதினேன்:
"எறிய வேண்டாம். தை முடியட்டும்."